இன்ஜின் ஓடும்போதே பார்க்க வேண்டிய அளவு

என் எஸ்தருக்கு, என்றைக்கும் என்னுடையவளாகிய எஸ்தருக்கு,

கார் நின்றுவிட்டது. இதை உனக்கு யாராவது சொல்லியாக வேண்டும். வீட்டில் இருப்பது உன் நைனாவும் நானும்தான். அவர் சொல்ல மாட்டார். உன் பேச்சை எடுத்தாலே எழுந்து தோட்டப் பக்கம் போய்விடுகிறார். அதனால் நான் எழுதுகிறேன்.

கல்லறைத் தோட்டத்துக்கு வரும்போதெல்லாம் உன்னிடம் பேச வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டு வருவேன். பக்கத்துக் கல்லறைக்கு யாராவது வந்திருப்பார்கள். மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு, காற்றில் அணைகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றுவிட்டுத் திரும்பிவிடுவேன். வாய் வராது. நீ இருந்தபோதே நம் இரண்டு பேருக்கும் சேர்த்து நீதானே பேசினாய்.

அந்த வெள்ளைக் காரை வாங்கப் போனது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? சின்ன வயதில் வந்த போலியோவால் உன் இடது கால் சூம்பிப் போயிருந்தது. கிளட்ச் மிதிக்கிற வண்டி உனக்கு ஆகாது, ஆசையை விட்டுவிடு என்று எல்லோரும் சொன்னார்கள். அப்படியென்றால் கிளட்ச் இல்லாத வண்டியாகப் பார்ப்போம் என்று நீ சொன்னாய். வாணியம்பாடியில் ஒரு தோல் வியாபாரி வீட்டு ஷெட்டில் அந்தப் பழைய ஆட்டோமேட்டிக் தூசி படிந்து கிடந்தது. அவர் பிள்ளைகள் புது வண்டி வாங்கிவிட்டார்கள். நான் சுற்றிச் சுற்றி வந்து பெயிண்டைத் தடவிப் பார்த்தேன். ஷூ கம்பெனியில் நாள் முழுக்கத் தோலைத் தடவிக் குறை பார்க்கிறவனுக்கு வேறு என்ன தெரியும்? நீ நேராகப் போய் பானெட்டைத் திறக்கச் சொன்னாய்.

மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது வண்டியை உன் பள்ளிக்கூடத்து மைதானத்துக்கு விடுவாய். நம் தெரு கால்வாய்ப் பக்கம் சரிந்திருக்கிறது, கியர் ஆயில் பார்க்க சமமான தரை வேண்டும் என்பாய். வண்டி ஓடிச் சூடாகியிருக்க வேண்டும் என்பாய். பிறகு நீ இறங்கிக்கொண்டு என்னை உன் சீட்டில் உட்கார வைப்பாய். நான் பிரேக்கை மிதித்துக்கொண்டு, நீ சொல்லச் சொல்ல லீவரை நகர்த்த வேண்டும். ரிவர்ஸ், நியூட்ரல், ட்ரைவ், மறுபடி பார்க்கிங். எனக்கு முன்னால் பானெட் சுவர் மாதிரி நிற்கும். அதற்கு அந்தப் பக்கம் நீ என்ன செய்கிறாய் என்று ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில், நான் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த லைனிங் தோல் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வருவாய். சரியாக இருக்கிறது என்பாய். இல்லாவிட்டால் கொஞ்சம் ஊற்றினேன் என்பாய். அந்தச் சரி எந்தச் சரி என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை. நீதான் இருந்தாயே.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரம் நீ போய்விட்டாய். பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது தலை வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தாயாம். நான் கம்பெனியிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அடக்கம் முடிந்த பிறகுதான் கார் மைதானத்திலேயே நிற்பது ஞாபகம் வந்து எடுக்கப் போனேன். சீட் உன் உயரத்துக்கு முன்னால் தள்ளியிருந்தது. என்னால் உள்ளே நுழைய முடியவில்லை. பின்னால் தள்ள வேண்டியிருந்தது. எஸ்தர், அன்றைக்கு நான் செய்ததிலேயே கஷ்டமான காரியம் அதுதான்.

உன் நைனாவுக்கு அப்போதே கிட்னி இரண்டும் போய், செவ்வாயும் வெள்ளியும் வேலூரில் டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. நம் ஆம்பூரில் இடம் கிடைக்காமல் வேலூரில் நீ அலைந்து வாங்கிய இடம். நீ அவருக்கு ஒரே பொண்ணு. நமக்கும் பிள்ளை இல்லை. அழைத்துக்கொண்டு போக நான்தான். கம்பெனி மேனேஜரிடம் சொல்லி அந்த இரண்டு நாளும் வேலை நேரத்தை மாற்றி வாங்கிக்கொண்டேன். வாலிபத்தில் கம்பெனி வேன் ஓட்டிய பழக்கத்தில் வண்டியை ஓட்டிவிட்டேன். ஓட்டினால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்திரை வெயிலில் ஆரம்பித்தது. லீவரை ட்ரைவில் போட்டால் வண்டி உடனே நகராது. கொஞ்சம் யோசிக்கும். அப்புறம் யாரோ முதுகில் குத்தியது போலக் குதித்து நகரும். பழைய வண்டி, காலையில் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் மாதனூர் தாண்டி ஒரு ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன், இன்ஜின் கத்துகிறது, வண்டி இழுக்கவில்லை. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே ஒதுங்கிப் போகின்றன. உன் நைனா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னார்: "எம் பொண்ணு ஓட்டும்போது இது இப்பிடி கத்தாது."

அன்று வீட்டுக்கு வந்ததும் பானெட்டைத் திறக்கப் போனேன். எந்தப் பிடியை இழுப்பது என்று தெரியாமல் ஒன்றை இழுத்தேன், பெட்ரோல் மூடி திறந்துகொண்டது. ஒரு வழியாகத் திறந்து பார்த்தால், அளவு பார்க்கிற கம்பி இரண்டு இருக்கிறது. எது இன்ஜினுக்கு, எது கியருக்கு? இத்தனை வருஷம் உன்னோடு அந்த வண்டியில் போய் வந்தவன், வேடிக்கை பார்க்க வந்தவன் மாதிரி நின்றேன். பிறகு மூடிவிட்டேன்.

பைபாஸ் ஓரத்தில் ஷெட் வைத்திருக்கும் பாஷாவிடம் கொண்டுபோனேன். நம் வண்டிக்கு பிரேக்கும் டயரும் எப்போதும் அவர்தானே பார்ப்பார். கியர் என்றதும் தயங்கினார். "ஆட்டோமேட்டிக்ல நான் கை வைக்கிறதில்ல அண்ணே. அக்கா அதை யார் கையிலயும் வுட்டதில்ல" என்றார். இருந்தாலும் எனக்காக அந்தக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார். எண்ணெய் மேல் கோட்டையும் தாண்டி நின்றது. கம்மி ஒன்றும் இல்லை, கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருக்கிறது என்றார். எண்ணெய் சரியாக இருக்கிறது என்றால் உள்ளே வேறு ஏதோ போய்விட்டது என்றுதானே அர்த்தம்? அதை யாரிடம் போய்க் கேட்பது?

கிளம்பப் போனவனுக்கு ஏதோ உறுத்தியது. ஷெட் ரொம்ப அமைதியாக இருந்தது. நீ பார்க்கும்போது இப்படி இருக்காது. நீ பார்க்கும்போது என் காலுக்கு அடியில் வண்டி உறுமிக்கொண்டே இருக்கும். பாஷாவிடம் சொன்னேன், எஸ்தர் இன்ஜினை ஓடவிட்டுத்தான் பார்ப்பாள் என்று. அவர் நம்பவில்லை. இன்ஜின் ஆயிலை நிறுத்திவிட்டுத்தானே பார்க்கிறோம் என்றார். ஆனாலும் வேலூரில் தெரிந்த ஒரு மெக்கானிக்குக்கு போன் போட்டுக் கேட்டார். அந்த ஆள் நான் சொன்னதுதான் சரி என்றாராம். நிறுத்தினால் கியருக்குள் இருக்கிற எண்ணெயெல்லாம் கீழே வடிந்து வந்து நிறைய இருப்பது போல் காட்டும். ஓடும்போதுதான் உண்மையான அளவு தெரியும். இருவருக்கும் தெரிந்தது பாதிப் பாதிதான். பாஷாவுக்குக் கம்பி தெரிந்தது, எனக்கு உன் சீட் தெரிந்தது.

பைபாஸில் போய்வந்து வண்டியைச் சூடாக்கிக்கொண்டு, ஷெட்டுக்கு முன்னால் சிமென்ட் தரையில் நிறுத்தினோம். நான் பிரேக்கில் கால் வைத்து உட்கார்ந்தேன். பானெட் எழும்பியது. அந்தப் பக்கத்திலிருந்து ரிவர்ஸ் என்று ஒரு குரல். பாஷாவின் குரல். லீவரை நகர்த்தினேன். நியூட்ரல். ட்ரைவ். பார்க்கிங்கில் போட்டதும் இறங்கி வரச் சொன்னார்.

பானெட்டுக்கு அந்தப் பக்கம் நான் போனது அதுதான் முதல் தடவை, எஸ்தர். நீ நின்ற இடத்தில் நின்றேன். இன்ஜின் சூடு முகத்தில் அடித்தது. கம்பியின் நுனியில் மட்டும் கொஞ்சம் ஈரம். கீழ்க் கோட்டைக்கூடத் தொடவில்லை. சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் பழைய டிக்காக்‌ஷன் மாதிரி இருந்தது. மோந்து பார்த்தால் கருகல். பாஷா படுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் செல்போன் வெளிச்சத்தை அடித்தார். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்கிற இடத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. எப்போதிலிருந்து சொட்டுகிறதோ.

டிக்கியில் நீ வைத்திருந்த எண்ணெய் டப்பாவில் மிச்சம் இருந்தது. அதைக் காட்டி அதே ரகத்தை வாங்கி வந்தோம். நீண்ட குழாய் வைத்த புனலைக் கம்பி போகிற துவாரத்தில் செருகி, கொஞ்சம் ஊற்றுவது, லீவரை ஒரு சுற்று நகர்த்துவது, துடைத்துப் பார்ப்பது, மறுபடி கொஞ்சம். ஜாஸ்தி ஊற்றினாலும் நுரைத்துக் கெடுத்துவிடுமாம். இரண்டு கோட்டுக்கும் நடுவில் வந்து நின்றபோது பாஷா கையை உயர்த்தினார். அந்தச் சரியை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வண்டி உன் காலத்தில் போன மாதிரி போனது. பள்ளிகொண்டா டோலில் நிற்கும்போது உன் நைனா, "இன்னிக்கி நல்லா போவுது" என்றார். பரீட்சையில் பாஸான பையன் மாதிரி சந்தோஷப்பட்டேன். நம் சந்தோஷமெல்லாம் இந்த அளவுக்கு வந்துவிட்டது பார்.

ஆனால் ஒழுகுவது நிற்கவில்லை. கியர்பாக்ஸை இறக்கினால்தான் அந்த இடத்துக்குக் கையே போகும். வேலூர் மெக்கானிக் இந்தப் பழைய மாடலுக்கு உள்பாகங்கள் கிடைக்கிறதா என்று சென்னையில் தேடிப் பார்க்கிறேன் என்றார். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் தேடிக்கொண்டிருக்கிறோம் சார் என்று பதில். அதுவரைக்கும் ஊற்றி ஓட்டுங்கள் என்றார். ஊற்றி ஓட்டினேன். வேலூர் போய்வந்த ஒவ்வொரு நாளும் உன் பள்ளிக்கூடத்து மைதானத்துக்கு வண்டியை விடுவேன். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, நானே சீட்டில் உட்கார்ந்து லீவரை நகர்த்தி, நானே இறங்கி ஓடிவந்து கம்பியை உருவிப் பார்ப்பேன். உன் பிள்ளைகள் சிலர் வெளியில் நின்று பார்ப்பார்கள். டீச்சர் வண்டி என்று அவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் அளவு இறங்கியிருக்கும்.

அங்கே ஆஸ்பத்திரியில் உன் நைனாவுக்கு உடம்பில் தண்ணி அளவு ஏறிக்கொண்டிருந்தது. டயாலிசிஸுக்கு முன்னால் எடை பார்க்கிற நர்ஸ் ஒவ்வொரு தடவையும் என்னைத்தான் திட்டுவார், தண்ணி கொடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்வது என்று. நான் எங்கே கொடுத்தேன்? நீ அளந்து வைத்த அதே டம்ளரில்தான் கொடுக்கிறேன். மற்ற நேரத்தில் அவர் தோட்டத்துக் குழாயில் குடித்துவிடுகிறார். தோல் பதனிடுகிற ஷாப்பில் ஆளை விட உயரமான ட்ரம்மில் ஈரத் தோலைத் தூக்கிப் போட்ட மனுஷனை, தண்ணி குடிக்காதே என்று நான் எப்படிக் கையைப் பிடிப்பது? நீ பிடிப்பாய். திட்டுவாய், அவரும் திட்டு வாங்கிக்கொண்டு சிரிப்பார். நான் மாப்பிள்ளை. எனக்கு மரியாதைதான் தெரியும், உரிமை தெரியாது. ஒரு பக்கம் குறைந்துகொண்டே போகிறது, ஒரு பக்கம் ஏறிக்கொண்டே போகிறது. நடுவில் நான் ஒரு புனலை வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, பள்ளிகொண்டா டோலைத் தாண்டியதும் வண்டி விட்டுவிட்டது. இன்ஜின் ஓடுகிறது, மீட்டரில் முள் ஏறுகிறது, சக்கரத்துக்கு எதுவும் போகவில்லை. ஓடிய வேகத்திலேயே ஓரமாக உருட்டி நிறுத்தினேன். கருகல் வாசம் உள்ளே வரைக்கும் வந்தது. ரோட்டு நடுவில் அரளிச்செடிகள் காற்றில் படுத்துப் படுத்து எழுந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் கார் அதிர்ந்தது.

"வுட்டுடு மாப்ள" என்றார் உன் நைனா.

"கொஞ்சம் ஆயில் இருக்குது மாமா. ஊத்திப் பாக்கறேன்."

"நான் வண்டிய சொல்லல."

கதவுப் பிடியில் வைத்த கையை எடுத்துவிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன இடது கையை மடியில் வைத்து, வலது கையால் அதைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஊத்த ஊத்த ஒழுவுது. நீயும் எத்தினி நாளைக்கி ஊத்துவ? எம் பொண்ணுக்கோசரம் பண்ற. அவளே இல்ல" என்றார்.

எஸ்தர், நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? உங்கள் பொண்ணுக்காக இல்லை, உங்களுக்காகத்தான் என்று சொல்லலாமா? அது முழு உண்மையா என்று எனக்கே அப்போது தெரியவில்லை. கம்பெனியில் ஒரு தோலைக் கையில் எடுத்தால் இது தேறும், இது தேறாது என்று உடனே சொல்லிவிடுவேன். இங்கே எதைத் தொட்டாலும் தெரியவில்லை.

இறங்கிப் போய் அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன். "இந்தப் பக்கம் வந்து உக்காருங்க மாமா. பிரேக்க மிதிச்சிக்கணும். வெறும் ஹேண்ட்பிரேக்க நம்ப முடியாது, கல்லு ஒண்ணும் ஆப்டல" என்றேன். அவர் வாழ்நாளில் ஸ்டியரிங்கைப் பிடித்ததில்லை. மறுப்பார் என்று நினைத்தேன். ஆனால் இறங்கி, காரைப் பிடித்துக்கொண்டே சுற்றிவந்து உட்கார்ந்தார். இரண்டு காலையும் சேர்த்து பிரேக்கில் வைத்தார். லீவரில் எந்த எழுத்து எது என்று சொல்லிக் கொடுத்தேன்.

பானெட்டுக்கு இந்தப் பக்கம் நின்று டப்பாவில் இருந்ததையெல்லாம் ஊற்றினேன். ரிவர்ஸ் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து லீவர் நகர்கிற சத்தம். நியூட்ரல். ட்ரைவ். மறுபடி பார்க்கிங். லாரிச் சத்தத்தில் கத்த வேண்டியிருந்தது. அவர் ஒன்றுகூடத் தப்பாகப் போடவில்லை. கம்பியை உருவிப் பார்த்தேன், அளவு கோட்டுக்கு வந்திருந்தது. பானெட்டை மூடினேன். அவரை இறக்கிவிட்டு நான் உட்கார்ந்து ட்ரைவில் போட்டு மிதித்தேன். வண்டி அசையவே இல்லை. அளவு சரியாக இருக்கிறது, எஸ்தர். எல்லாம் நீ செய்த மாதிரியே செய்தேன். அசையவில்லை.

"தேறுமா?" என்றார், ரோட்டில் நின்றபடி.

"தெரியல மாமா" என்றேன்.

ராணிப்பேட்டைக்கு ஃபினிஷிங் வேலைக்குத் தோல் ஏற்றிப் போன ஒரு மினி லாரிக்காரர்தான் நிறுத்தினார். உன் நைனாவின் கையைப் பார்த்ததும் கதவைத் திறந்துவிட்டார். அவரை முன்னால் ஏற்றிக்கொண்டார், நான் பின்னால் கட்டுகளின் மேல். கேபினின் பின்கண்ணாடி வழியாக உன் நைனாவின் தலை மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்தத் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தது. பிடிக்க என் கை எட்டாது. நேரம் தப்பிப் போனதற்கு நர்ஸ் கோபித்துக்கொண்டார். பிறகு வேறொருவர் முடித்து எழுந்த படுக்கையில் அவரைப் போட்டுக்கொண்டார்.

காரை வேலூருக்கு இழுத்துக்கொண்டுபோய்த் திறந்து பார்த்தார்கள். உள்ளே தட்டுகளெல்லாம் கருகித் தேய்ந்துவிட்டன, இனிமேல் எண்ணெய் ஊற்றிப் பிரயோஜனம் இல்லை என்றார்கள். ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் பார்த்திருக்கலாமாம். ஆரம்பம் எது? சித்திரையில் முதல் தடவை குதித்ததா? இல்லை, நீ போன பிறகு ஒரு ஞாயிறும் அந்தக் கம்பியை யாரும் உருவாமல் போனதா? இழுத்துக்கொண்டுபோன வண்டியை அப்படியே திரும்ப இழுத்துக்கொண்டு வந்து வீட்டு முன்னால் நிறுத்தியிருக்கிறேன். பழைய இரும்புக்காரர் ஒருவர் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டுப் போனார். கொடுக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் தெரியவில்லை. நீ ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாய்.

அடுத்த செவ்வாய் உன் நைனா எழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் கார் தருகிறேன் என்றார்கள். வேண்டாம் என்றார். ஆட்டோ கூப்பிடட்டுமா என்றேன். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். டிபன் வைத்தேன், ஆறிப்போனது. மத்தியானம் வரைக்கும் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தேன். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினால், என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவருக்குப் பலம் கொடு என்பதா, எனக்குப் பலம் கொடு என்பதா, அவரை விட்டுவிடு என்பதா?

அந்த வாரம் அவர் கால் வீங்கிவிட்டது. கழிப்பறை வரைக்கும் நடந்தாலே மூச்சு வாங்கியது. ஆம்புலன்ஸுக்குப் போன் போடப் போனேன், கையை ஆட்டித் தடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை விடிந்ததும் பார்த்தால், சட்டையைப் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். வலது கையால் மட்டும் பட்டன் போட்டதில் ஒரு பட்டன் மாறிப்போயிருந்தது.

"பஸ்ஸுல போலாம்" என்றார்.

ஏன் மனசு மாறினார் என்று நான் கேட்கவில்லை. மூச்சு முட்டினதுதான் காரணமாக இருக்கும். வேறு எதையாவது நான் கற்பனை பண்ணிக்கொள்ளக் கூடாது. வாடகைக் காரை வைத்து வாரம் இரண்டு தடவை போய்வர நமக்குக் கட்டாது என்பது அவருக்கும் தெரியும். அதனால் இப்போது பஸ்தான். முதல் படி ரொம்ப உயரம். இடது கையால் எதையும் பிடிக்கக் கூடாது, ஊசி போடுகிற கை. வலது கையால் கம்பியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, நின்று, மூச்சு வாங்கி, அப்புறம் மறு காலைத் தூக்குவார். நான் பின்னால் நின்று அவர் முதுகில் கை கொடுப்பேன். கண்டக்டர்கள் நல்லவர்கள், விசில் அடிக்காமல் காத்திருக்கிறார்கள். எங்கள் கம்பெனி ஸ்டிச்சிங் பெண்கள் யாராவது இருந்தால் சீட்டை விட்டுக் கொடுக்கிறார்கள்.

திரும்பி வருவதுதான் கொடுமை. டயாலிசிஸ் முடிந்தால் அவருக்கு உடம்பு வெடவெடவென்று நடுங்கும். உனக்குத் தெரியும், நீ காரில் சீட்டைச் சாய்த்துப் போர்வை போர்த்திக் கொண்டுவருவாய். இப்போது வேலூர் பஸ் ஸ்டாண்டில் சிமென்ட் பெஞ்சில் நடுக்கம் அடங்கும் வரைக்கும் உட்கார்ந்திருக்கிறோம். போன வாரம் அப்படி உட்கார்ந்திருக்கும்போது நம் பஸ் வந்தது. எழுந்தேன். அவர் எழவில்லை. அது போகட்டும், அடுத்ததில் போகலாம் என்றார். பஸ் போன பிறகு பேசினார்.

"ஒண்ணு சொல்றேன், கேளு. இந்தப் படி ஏற முடியிற வரைக்கும் வர்றேன். முடியாத அன்னைக்கி முடியலன்னு நானே சொல்வேன். அன்னைக்கி நீ இழுக்கக் கூடாது. அழவும் கூடாது."

சுற்றிலும் ஊர்ப் பெயர்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். திருவண்ணாமலை, சோளிங்கர், ஆற்காடு. நான் அவர் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னை நினைத்தேன். நீயாக இருந்தால் அந்தப் பேச்சைப் பாதியிலேயே வெட்டியிருப்பாய். வாயைக் கழுவு நைனா என்றிருப்பாய். அவரும் அதோடு விட்டிருப்பார். எனக்கு அந்தத் தெம்பு இல்லை. அந்தப் படி ஏறும்போது அவர் முதுகு எப்படி நடுங்குகிறது என்று என் உள்ளங்கைக்குத்தானே தெரியும்.

"இழுக்க மாட்டேன் மாமா. இன்னொண்ணுக்கு என்னால வாக்கு குடுக்க முடியாது" என்றேன்.

அவர் திரும்பி என்னையே பார்த்தார். நீ போனதிலிருந்து அவர் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். "சரி, அது உன் இஷ்டம்" என்றார். அடுத்த பஸ் வந்ததும் அவராகவே எழுந்து நின்றார்.

நான் சொன்னது சரியா, எஸ்தர்? ஒரு பொண்ணு தன்னைப் பெற்ற அப்பாவிடம் சொல்ல மாட்டாத வார்த்தையை நான் சொல்லிவிட்டேனா? மாப்பிள்ளையாக இருப்பதால்தான் என்னால் முடிந்ததா? இல்லை, களைத்துப் போனவன் சொன்ன வார்த்தையா அது? தினமும் மாற்றி மாற்றி நினைக்கிறேன். உன் பக்கத்திலிருந்து பதில் வராது என்று தெரிந்தும் கேட்கிறேன். நீ அளந்து சொல்வாயே, கொஞ்சம் கம்மி, கொஞ்சம் ஜாஸ்தி என்று. என் நெஞ்சுக்குள் இருப்பதை யார் அளந்து சொல்வார்கள்?

இந்தச் செவ்வாயும் அவர் ஏறினார். முன்னைவிட நேரம் பிடித்தது. நாளைக்கு மறுபடி போக வேண்டும்.

அவரைக் காப்பாற்றி விடுகிறேன் என்று உனக்குச் சத்தியம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. ஒரு பழைய காரையே என்னால் ஓட வைக்க முடியவில்லை. ஆனால் இது ஒன்றைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். அவர் படி ஏறுகிற வரைக்கும் அவர் முதுகுக்குப் பின்னால் என் கை இருக்கும். முடியவில்லை என்று அவர் சொல்கிற அன்றைக்கு நான் வாதாட மாட்டேன். கம்பெனிக்கும் போக மாட்டேன். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். அவர் தண்ணி கேட்டால் கொடுப்பேன், அளக்காமல் கொடுப்பேன். உன்னிடம் வந்து சேருகிற வரைக்கும் உன் நைனா ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருக்க மாட்டார்.

உன் வீட்டுக்காரன்,
உன் நைனாவுக்கு மிச்சமிருக்கும் ஒரே உறவு,
தேவராஜ்